கணப்பின் கண்ணாடி

மலை வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, மாலையானால் விறகுக் கணப்பின் எதிரே உட்கார்ந்து தீயைப் பார்ப்பதுதான் ஆசீருக்குப் பிடித்த பொழுது. "கண்ணாடியெல்லாம் கரி. தீயே தெரியல," என்று கொஞ்ச நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மனைவி லில்லி நனைத்த செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டு, கணப்பின் கண்ணாடிக் கதவைத் தினமும் தேய்த்தாள்.

இன்றும் தேய்த்துவிட்டுத்தான் பற்றவைத்தாள். ஒவ்வொரு கொழுந்தும் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னும் மங்கலாத்தான் இருக்கு," என்றார்.

அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

"விறகு ஈரங்க. கரி போகவே மாட்டேங்குது."

அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"உன் மூஞ்சியும் அப்படித்தான் தெரியுது, லில்லி."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்வரை நெருங்கி உட்கார்ந்தாள்.

"இப்போ?" என்று கேட்டாள்.