முழங்கால் பலகை

வாக்குச்சாவடியின் மறைப்புத் தட்டிகள் மழையில் ஊறிப்போனதால், மாதா கோயில் மண்டபத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டையே தூக்கிவந்து வாக்களிக்கும் இடமாக்கிவிட்டார்கள். தாயின் உயிரைக் காப்பாற்றக் கருவைக் கலைக்கலாமா என்று நாடே முத்திரை குத்திச் சொல்ல வேண்டிய நாள். சீட்டோடு உள்ளே போன டெல்பினுக்கு, நின்றால் போதும் என்று தெரிந்தும், முழங்கால்கள் தானாக மடிந்து பலகையில் இடித்தன. "சாமி, நான் பாவி," என்றது வாய். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. தங்கை ரொசாரி வயிற்றுப்பிள்ளையோடு ரத்தம் கொட்டிச் செத்தபோது, சட்டத்துக்குப் பயந்து கைகட்டி நின்ற டாக்டர்மேல் வந்த கோபத்தை இதே கூண்டில்தான் சொன்னாள். "கோபம் பெரிய பாவம்மா. ஜெபமாலை சொல்லு," என்றது அன்றைய சாமியாரின் குரல். சொன்னாள். வருஷக்கணக்காகச் சொன்னாள்.

"அக்கா, உள்ள என்ன பண்றீங்க? எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க!" வெளியிலிருந்து தேர்தல் அதிகாரி கத்தினாள்.

"இன்னும் கோபமாத்தான் இருக்கேன் சாமி," என்று கம்பி வலையிடம் சொல்லிவிட்டு, 'ஆம்' என்ற இடத்தில் கூண்டே அதிர முத்திரையைக் குத்தினாள்.

வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்து நுழைந்தவளின் முழங்கால்களும் பலகையில் இடித்தன. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கூண்டு அதிர முத்திரை விழுகிறதா என்று டெல்பின் வாசலிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.