பச்சைக் கேடயம்

ஆஸ்பத்திரிக் கணினிகளிலிருந்த ஸ்கேன் படங்கள் அத்தனையையும் யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தா, திருடன் உள்ளே வந்த வழியைக் கண்டுபிடித்தாள். காவலுக்குப் போட்ட ஆன்டிவைரஸோடு வந்த டிரைவர் என்ற துணை நிரலில் ஓர் ஓட்டை. எந்த மூலைக்கும் போக அதற்கு அனுமதி உண்டு. அந்த அனுமதியோடுதான் திருடனும் போயிருக்கிறான்.

"போன மாசமே இத மாத்தச் சொன்னேன் சார்."

"காவலுக்கு இருக்கறதையே சந்தேகப்பட்டா எப்படிம்மா?" என்றார் நிர்வாகி.

ஆபரேஷனுக்காகக் காலையிலிருந்து பட்டினி கிடக்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "படம் வந்துடுச்சுங்களா?"

ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் காய்ந்திருந்த திரையின் ஓரத்தில், 'உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது' என்று ஆன்டிவைரஸின் பச்சைக் கேடயம் ஒளிர்ந்தது. நிர்வாகி அதைத் தொட்டுக் காட்டினார்.

"பாருங்க, இதுக்கு ஒண்ணும் ஆகல."

அந்தப் பெண் திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.