இன்னும் கொஞ்சம் சாஃப்டா

மாப்பிள்ளையின் அம்மா தௌலத் பேகம் கயத்தாற்றிலிருந்து மூன்று நாளாகக் கோவில்பட்டி ஸ்டூடியோவுக்கு வந்துபோகிறார் என்று கேள்விப்பட்டதும், பெண்ணின் தகப்பனார் ஜஹாங்கீருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேராக எடிட்டர் தங்கசாமியிடம் போனார்.

"கல்யாண வீடியோவுல சம்பந்தியம்மா எதை வெட்டச் சொல்லுதாவ?"

"எதையும் வெட்டலை பாய். ரொம்ப ஷார்ப்பா இருக்காம். பழைய பிலிம் படம் மாதிரி சாஃப்டா மாத்தச் சொன்னாவ."

"எங்க ஆளுக மூஞ்சி தெரியக் கூடாதுன்னா?"

"நீங்களே பாருங்க."

ஜஹாங்கீர் கண்ணெடுக்காமல் பார்த்தார். எல்லார் முகமும் தெளிவாகவே தெரிந்தது. மகள் கேமராவுக்குப் பக்கத்தில் வரும்போது மட்டும் படம் இன்னும் கொஞ்சம் மங்கியது.

"எம்புள்ளைய மட்டும் ஏன் மறைக்குதாவ?"

தங்கசாமி தயங்கினார்.

"புள்ளைய இல்ல பாய், கழுத்தைத்தான். 'இதைத் துபாய்ல இருக்க எங்க வீட்டுப் பொம்பளையளுக்கு அனுப்பணும். அவிய கண்ணுக்குக் கவரிங் நகை தப்பாது. என் மருமகளை யாரும் ஒரு சொல் சொல்லிரக் கூடாது'ன்னாவ."

ஜஹாங்கீர் திரையிலிருந்து பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அது கவரிங் என்று அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட.