மாப்பிள்ளைத் தொப்பை

"தொப்பைங்கிறது கொழுப்பு இல்ல, கோழைத்தனம்" என்று இஃப்திகார் தன் கல்யாணத்துக்கு மறுநாளே அறிவித்தான். "முகத்துக்கு நேரா போதும்னு சொல்லத் துப்பில்லாதவனுக்குத்தான் வயிறு முன்னால வரும்."

கேட்டுக்கொண்டிருந்தவன் சகலை ஷாகிர். அந்தக் கீழக்கரை வீட்டின் மூத்த மாப்பிள்ளையாக மூன்று வருடம் உட்கார்ந்து சாப்பிட்டவன். மாமியார் நஃபீசா மாமி அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, அப்போதுதான் இரண்டு பரோட்டாவைப் பாலித்தீன் பைக்குள் தள்ளி மடியில் செருகியிருந்தான்.

"இந்தத் திருட்டு எதுக்கு சகல? வேணாம்னு சொன்னா மாமி கடிச்சா வைப்பாக?"

"இந்த ஊருல மாப்பிள்ளதான் பொண்ணு வீட்டுக்குக் குடி வாரான். வந்தவன் இளைச்சுப்போனா தெருவே பேசும், சோறு போடலையாக்கும்னு. நீயும் ஆறு மாசம் தின்னு, பெறகு பேசுவோம்."

ஷாகிர் அடுத்த மாதமே மனைவியோடு தனி வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு மாப்பிள்ளைக்கான கவனிப்பும் ஒரே வயிற்றின் மேல் இறங்கியது.

காலையில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். மதியம் நெய்ச்சோறு, தால்ச்சா, சீலா மீன் வறுவல். இடையில் இனிப்புக்கு ஒரு வட்டிலப்பம். மூன்றாம் மாதம் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டான். நான்காம் மாதம் பெல்ட்டையே விட்டுவிட்டான்.

இராமநாதபுரத்தில் இவனுடைய செல்போன் கடைக்கு எதிரே ஒரு டாக்டர் இருந்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கல்லீரல்ல கொழுப்பு. இடுப்பு நூத்திநாலு சென்டிமீட்டர். மூணு மாசத்துல பத்து சென்டிமீட்டராவது குறையணும், இல்லன்னா காலம் பூரா மாத்திரைதான்" என்றார்.

மறுநாளிலிருந்து விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கடற்கரைச் சாலையில் வேகநடை. திரும்பி வந்து மொட்டை மாடியில் பலகைபோல் விறைத்துக் கிடக்கும் பயிற்சி. பலகைக்குக் கை நடுங்காது, இவனுக்கு நடுங்கியது. அத்தனை பாடும் மதியச் சோற்றோடு ஒன்றுமில்லாமல் போனது.

"உங்க உம்மாகிட்ட கொஞ்சம் குறைக்கச் சொல்லு அம்ரீன்" என்று மனைவியிடம் தூது விட்டான்.

"அதெல்லாம் நான் சொல்லப்படாது. நீங்கதான் ஒங்க வாயால சொல்லணும்" என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஒருநாள் சொல்லியும் பார்த்தான். நஃபீசா மாமி மூன்றாவது கரண்டியோடு குனிந்தபோது, "போதும் மாமி" என்றான்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. "நெசமாவா மாப்பிள்ள?" மாமியின் கண் சட்டென்று கலங்கியது.

இஃப்திகார் அவசரமாக, "சும்மா சொன்னேன் மாமி, நல்லா வைங்க" என்று தட்டை நீட்டினான். மாமி ஒரு பெருமூச்சு விட்டு, நிறையவே வைத்தார்.

மறுநாள் பாலித்தீன் பை வாங்கினான்.

மடியில் ஏறிய பொட்டலம், கடைக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர் கூத்தையாவிடம் இறங்கியது. ஒரு மாதம் கழித்து அவர், "பாய், உங்க மாமியா கைப்பக்குவம் அமிர்தந்தான். ஆனா எம்பொண்டாட்டி, யாரு வீட்டுல போயி திங்கிறீருன்னு சந்தேகப்படுறா" என்றார். சட்டையின் நடுப் பொத்தானை அவரால் பூட்ட முடியவில்லை. இஃப்திகாரின் தொப்பை ஆட்டோ ஏறிப் போயிருந்தது.

இரண்டே மாதத்தில் இடுப்பு தொண்ணூற்றேழுக்கு வந்தது. சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

மாமி நாலு மணிக்கு எழுந்து தேங்காய் துருவுகிற சத்தம் படுக்கைக்குக் கேட்கும். வெந்நீர் பட்டுச் சிவந்த கையால் அவர் பரிமாறும்போது, இவன் மடியில் அவர் உழைப்பு சுடச்சுடக் கனக்கும். தொழுகையில் ஸலாம் சொல்லி முடித்ததும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பைதான். திருடினால் பாவம், கொட்டினால் பாவம். இது இரண்டிலும் சேராத புதுப் பாவமாக இருந்தது.

நேற்று மதியம் மாமி உள்ளே போனதும் வழக்கம்போல் குனிந்தான். ஒரு கோழித் தொடை, இரண்டு பரோட்டா. பையின் வாயை முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால், எதிரே மாமி தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறார்.

"பூனைக்கு மாமி" என்றான். வீட்டில் பூனை கிடையாது.

மாமி பையைப் பார்த்தார். தொளதொளவென்று தொங்கிய சட்டையைப் பார்த்தார். பிறகு சொம்பை வைத்துவிட்டு, விரிப்பில் அவனுக்கு எதிரே மெதுவாக உட்கார்ந்தார். அவன் சாப்பிடும்போது மாமி உட்கார்ந்து இந்த ஆறேழு மாதத்தில் அவன் பார்த்ததில்லை.

"சமையல்ல ஒரு குறையும் இல்ல மாமி. அல்லா மேல ஆணை. தப்பெல்லாம் எம்மேலதான்." என்றான் அவன். "ஒங்க மனசு நோகப்படாதுன்னுதான்..."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ள வாயால போதும்னு வராம, பொண்ணு வீட்டுல ஒரு கறியக்கூடக் கொறைக்கப்படாது. எங்க உம்மா சொல்லிட்டுப் போனது. மூத்த மாப்பிள்ளையும் மூணு வருசம், கடைசி வரைக்கும் அதச் சொல்லாமயே போயிட்டாக."

இஃப்திகார் பையை மடியிலிருந்து எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

மாமி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என்னாலயும் ஏலல மாப்பிள்ள, சட்டுன்னு சொல்லிருங்க."