ஒரு முழக் கயிறு

"நில்லுடா! ரெண்டு நிமிஷம் ஓடியாச்சு. இனி ஒரு நிமிஷம் நடை."

அக்கா கயிற்றைச் சுண்டி இழுத்தாள். தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மணிக்கட்டையும் அவள் மணிக்கட்டையும் சேர்த்து ஒரு முழக் கயிறு. முப்பது வயது ஆண்பிள்ளையைக் கன்றுக்குட்டி மாதிரி கட்டி இழுத்துப் போனால் பூங்காவில் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

முழங்கால் பிசகி மூன்று மாதம் படுத்துக் கிடந்தது போதாதென்று, எழுந்ததும் இந்த அட்டவணை. திங்கள் ஓட்டமும் நடையும், செவ்வாய் நீச்சல், புதன் ஓய்வு, வியாழன் சைக்கிள், வெள்ளி மேட்டுப் பாதை. அக்கா சொல்லச் சொல்ல, அவன் கையாலேயே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியது.

"பந்தயத்துக்கு ஆறே வாரம்தான் இருக்குக்கா. இப்படி ஊர்ந்துக்கிட்டுப் போனா விளங்கினாப்லதான்."

"தினமும் ஒரே ரோடு, ஒரே வேகம்னு ஓடித்தானே முட்டியைக் கெடுத்துக்கிட்டே? மாத்தி மாத்திச் செஞ்சாத்தான் கால் தேறும். இப்பக்கூட வலது கால் தேயுது. சத்தம் கேக்குது."

"என் கால் எனக்குத் தெரியாதா? அவ்வளவு சந்தேகம்னா வேற ஆளைப் பாத்துக்க!"

"நாலு பேர் வந்து கேட்டாங்க. நீ தேறி வரட்டும்னு நான்தான் மாட்டேன்னுட்டேன்."

அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம். காத்திருக்கிறேன் என்கிறவளை என்ன செய்வது?

கயிற்றின் வளையத்தை உருவி எறிந்துவிட்டு ஓடினான். நூறு அடி வரைக்கும் கால் பறந்தது. மூன்று மாத ஆத்திரமும் தீர்ந்த மாதிரி இருந்தது. வளைவில் முட்டிக்குள் சுரீர் என்றது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி திரும்பிப் பார்த்தான்.

அக்கா விட்ட இடத்திலேயே நின்றாள், நடுப்பாதையில். கூப்பிடவும் இல்லை, ஓர் அடி நகரவும் இல்லை.

அவளுக்குப் பின்னால் சைக்கிள் மணி விடாமல் ஒலித்தது.

"அக்கா, ஒதுங்கு!"

அவள் அசையவில்லை. அவன் வலியை மறந்து ஓடி வந்தான். அதற்குள் சைக்கிள்காரர் அவள் தோளை உரசாத குறையாக ஒடித்துத் திருப்பி, காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"ஏம்மா, நடுவழியில நிக்கிறீங்களே! மணி அடிச்சது கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க. ஒதுங்குன்னு என் தம்பி கத்தினதும் கேட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

நொண்டிக்கொண்டு வந்த தம்பி பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை அக்கா தடவித் தடவி, காலி வளையத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்னு சொல்லலைங்க. எனக்குக் கண்ணு தெரியாது. பந்தயத்துல என்னைக் கூட்டிக்கிட்டு ஓடறவன் அவன்தான். வந்துடுவான்."