வேர் நுனி வெட்டும் நேரம்

மணி எட்டரை. வெங்காயம் தயார், பிளேடு தயார், பாட்டில் தயார். வெட்ட வேண்டிய பக்கத்து வீட்டுக்காரி மட்டும் அவள் பால்கனித் தரையில் சுவரோடு சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டிப் பார்ப்பது என் வழக்கமில்லை. எங்கள் இரண்டு பால்கனிக்கும் நடுவில் இடுப்புயரக் கம்பிதான். கட்டினவனைத்தான் கேட்க வேண்டும்.

அவள் கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். தற்காலிக வேலை, நிரந்தரக் களைப்பு. விடியுமுன் எழுந்து சமையல், துணி, இரண்டு பஸ், நாள் முழுக்கக் கண்ணாடிக் குடுவை கழுவல், திரும்பவும் இரண்டு பஸ். நடந்து வரும்போதே பாதித் தூக்கத்தில்தான் வருவாள்.

நான்கு நாளாகக் கைப்பிடிச் சுவர்மேல் ஐந்து டம்ளர் தண்ணீர், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெங்காயம். வெங்காயத்துக்குக் கீழே வெள்ளைத் தாடியாக வேர். மாடிக்காரி இது செய்வினை என்றாள். அப்படியே நம்பிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்று மாணவர்கள் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம். அதற்கு வேர் நுனியை அரிசி நீளம் வெட்டி, மூக்கைத் துளைக்கிற ஒரு மருந்தில் போட வேண்டும். போட்ட நொடியில் செல்கள் இருந்த கோலத்திலேயே நின்றுவிடும்.

காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் வெட்டினால்தான் பிரிகிற செல் நிறையக் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. வெட்டியது ஒரு நாள் ஊற வேண்டும். நாளைக்குச் செய்முறைத் தேர்வு. ஆகவே இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி அவளுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அவள் புருஷன். நான் வைத்த பெயர் அசையாச் சொத்து.

இருபது வருஷம் அந்த ஆய்வகத்தில் அதே வேலை பார்த்தவர். போன வருஷத் தேர்வுக்கு முந்தின நாள் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. மத்தியானம் போய் வெட்டினார். மறுநாள் முப்பது மாணவர்களும் தேடு தேடென்று தேடி, பிரிகிற செல் ஒன்றுகூட அகப்படவில்லை. அத்தனை பேர் முன்னால் பேராசிரியர் கேட்ட கேள்வியை அவர் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று வந்து உட்கார்ந்தவர்தான். பத்து மாசம். கல்லூரியில் பாவம் பார்த்து, அவர் இடத்தில் இவளைப் போட்டார்கள். இன்னொரு வருஷம் அப்படி நடந்தால் இவளுக்கும் கதவைக் காட்டிவிடுவார்கள். பஸ்ஸை நம்பாமல் வீட்டிலேயே வெட்டிக்கொண்டு போவது அதனால்தான்.

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்று அவர் காதுபட எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நேற்றுத் துணி காயப்போடும்போதுகூட இந்தப் பேச்சுத்தான்.

"வேர் நுனிக்குள்ள, நட்ட நடுவுல கொஞ்சம் செல்லு இருக்குக்கா. சுத்தி இருக்கிறதெல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு மாடா உழைக்கும். அது மட்டும் சும்மா கிடக்கும்."

"உன் வீட்டுக்காரரு மாதிரின்னு சொல்லு."

அவள் கோபப்படவில்லை. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "பக்கத்துல இருக்கிறது அடிபட்டு விழுந்தா, அதுதான்க்கா எழுந்து வேலையைப் பார்க்கும்."

எட்டு நாற்பது. அவள் அசையவில்லை. அவரும் அசையவில்லை. சுவர்க்கடிகாரம் மட்டும் தன் வேலையைப் பார்த்தது.

எட்டு நாற்பத்தைந்து. கூப்பிட்டுவிடலாம் என்று கம்பிமேல் சாய்ந்து வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வெங்காயத்தைப் பார்த்தார். கை நாற்காலிப் பிடியை இறுக்கியது, விட்டது, மறுபடி இறுக்கியது.

எட்டு ஐம்பதுக்கு நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் மடியிலிருந்த பிளேடை இரண்டு விரலால் மெதுவாக எடுத்தார். முதல் வெங்காயத்தைத் தூக்கித் தண்ணீர் வடிய விட்டார். வேரை விரலிடுக்கில் பிடித்து, நுனியை மட்டும் வெட்டினார். அரிசி, அரிசி, அரிசி என்று பாட்டிலுக்குள் விழுந்தன. ஐந்தாவது வெங்காயம் மொட்டையாகும்போது ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம்.

மூடியைத் திருகினார். சீட்டில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டினார். பிறகு குனிந்து, பத்து மாசமாக நான் கேட்காத குரலில் கூப்பிட்டார்.

"ஏம்மா, எந்திரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. நானும் வரேன்."

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ, கண்ணசந்துட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நன்றாகவே அடித்துக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணமான ஈயைச் சொல்லாமல் விட்டேனே. எட்டு நாற்பத்தைந்துக்கு அவள் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. மூக்கிலிருந்து கன்னத்துக்கும், கன்னத்திலிருந்து உதட்டுக்கும் சாவகாசமாக நடந்தது. நிஜமாகத் தூங்குகிறவள் தூக்கத்திலேயே தட்டிவிட்டிருப்பாள்.

அவள் முகம் அசையவே இல்லை. புடவைக்குக் கீழே கால் விரல்கள் பத்தும் மட்டும் தரையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தன.