அத்தனையும் பச்சை

ஆலை விபத்தில் சடையாண்டியின் மகன் செத்த மூன்றாம் நாள் நிருபர் பிரமிளா வந்தாள். அவளையும் அவருக்குப் பிடிக்கவில்லை, அவள் கொண்டுவந்த உண்மைக் கருவியையும் பிடிக்கவில்லை. அவள் வாசிக்கும் வரி உண்மையானால் அதில் பச்சை விளக்கு எரியும். முடிந்ததும் வீட்டார் கைரேகை வைக்க வேண்டும்.

“ஆலைக்குள் உயிரிழப்பு இல்லை.” பச்சை எரிந்தது.

“ஆமா, கேட்டுக்கு வெளிய ஆம்புலன்ஸ்லதான உசுரு போச்சு!”

“அதனாலதான் ஐயா இது உண்மை.” அடுத்த வரியை வாசித்தாள். “விபத்துக்கு முந்தைய நாள் அவர் மது அருந்தியிருந்தார்.” பச்சை.

“பொங்கலுக்குக் குடிச்சான். அடிபட்டவன வெளிய கொண்டுபோக ஒரு மணி நேரம் கேட்டைத் திறக்கலியே, அதை எழுதுனியா?”

“ஆலைப் பதிவுல இல்லீங்க, விளக்கு எரியாது. இதுல ஒரு பொய் காட்டுங்க, அழிச்சிடறேன்.”

சடையாண்டி யோசித்தார். ஒன்றுகூடப் பொய்யில்லை. பெருவிரலை மடக்கிக்கொண்டார்.

“வைக்க மாட்டேன், போ.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் டிவியில் அந்தச் செய்தியை வாசித்தார்கள். கடைசியில் ஒரு வரி புதிதாக இருந்தது.

“இந்த உண்மைகளை உறுதிசெய்ய, இறந்தவரின் தந்தை மறுத்துவிட்டார்.”

திரையின் மூலையில் பச்சை எரிந்தது.